நம்மாலும் எழுத முடியுமா?

எழுதவேண்டும் என்னும் ஆசை ஒருபோதும் தோன்றாத மாணவர் மிகச் சிலரே. அவ்வாசையைப் பிறரறிய வெளியிடுவோர் அவரினும் சிலர். பாடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நாலு வரி எழுதி, மறுநாளே அதனைக் கிழித்தெறியும் பிள்ளைகளை ஆசிரியத் தொழிலில் இருப்போர் யாவரும் அறிவர். ஏன் கிழித்தாய் என்று வினவினால், "சரியாய் வரவில்லை, சேர்" என்பான் ஒருவன். "இதையெல்லாம் யார் வாசிக்கப்போகிறார்கள், சேர்?" என்பாள் வேறொருத்தி. இரண்டும் ஒரே விடைபோலத் தோன்றும். ஆயினும் இவற்றிடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. முதல்வன் ஐயுறுவது தன் திறமையை. மற்றவள் ஐயுறுவதோ தன் வாழ்க்கையை. எங்கள் திம்புள்ளப் பகுதியிலே பேனா பிடிக்க எண்ணியவர்களை அதிகம் முடக்கியது இந்த இரண்டாவது ஐயமே என்பது என் அபிப்பிராயம்.

திம்புள்ள என்னும் பெயரைக் கடல் கடந்த நாட்டாரும் அறிவர். ஆனால் தேயிலைப் பெட்டியின்மேல் அச்சிட்ட பெயராகவே அறிவர். ஹட்டனைக் கடந்து, கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று புகைவண்டி வளைந்து வளைந்து ஏறி நானுஓயாவை அடையும் வழியில் இருமருங்கும் தோன்றும் பச்சை மலைகள் இப்பிரதேசத்தைச் சேர்ந்தவையே. 1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டு, அடுத்து வந்த ஆண்டுகளிலே அப்பயிர் அழிந்துபட, கோப்பி நின்ற மலைகளிலே தேயிலை ஏறிற்று. தையிலிருந்து பங்குனிவரை வீசும் வரண்ட குளிர்காற்றில் இங்கே கொழுந்து மெல்ல வளரும். அவ்வாறு வளர்வதனாலேயே அதற்குத் தனி மணம் உண்டாகிறது என்பர் தேயிலை அறிந்தோர்.

இந்தத் தேயிலையைப் பற்றி நூல் எழுதியவர்கள் பலர். அவர்களிற் பெரும்பாலோர் துரைமார். வேட்டை, பங்களா, குதிரை, மழை, விளைச்சல் எல்லாவற்றையும் அவர்கள் எழுதினார்கள். கொழுந்து பறித்தவர்களோ செக்றோலிலே பெயராகவும் எண்ணாகவும் மட்டுமே இடம்பெற்றனர்.

இதனைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். தோட்டத்துத் தொழிலாளிக்கு எழுத்து என்பது எவ்வுருவில் அறிமுகமாயிற்று? பிரட்டுக் களத்திலே கணக்கப்பிள்ளை விரித்த புத்தகமாக அறிமுகமாயிற்று. அதிலே பெயர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம். அரைப்பேர் விழுந்தால் அரைச் சம்பளம். அதற்கு முன்னர் 'துண்டு' என்று ஒரு கடிதம் இருந்தது. தொழிலாளி பட்ட கடனைக் குறித்து, அவனை ஒரு கங்காணியின்கீழ்க் கட்டிவைத்த சீட்டு அது. 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை, அந்தத் துண்டின்றி ஒருவன் வேறு தோட்டத்துக்குச் சென்று வேலைபெறுவது அரிதாயிருந்தது. பேனா என்றும் பிறர் கையிலேயே இருந்தது. அது எழுதியதெல்லாம் தன்னைக் கட்டுப்படுத்தவே எழுதியது. இப்படிப்பட்ட பரம்பரையில் வந்த பிள்ளை பேனாவை எடுக்கும்போது கை நடுங்குவதில் வியப்பில்லை. இதனை மனோபலக் குறைவு என்று சொல்லி அந்தப் பிள்ளைக்கு உபதேசம் செய்வோரை நான் ஒப்பமாட்டேன்.

தமிழகத்திலிருந்து இப்பக்கம் பார்வை செலுத்தியவர் சிலர் உண்டு. பீஜித் தீவிலே கரும்புத் தோட்டத்தில் வருந்திய நம்மவருக்காகப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக்கொண்டு 1935இல் 'மணிக்கொடி'யிலே 'துன்பக்கேணி' என்னும் நெடுங்கதையைப் புதுமைப்பித்தன் எழுதினார். தஞ்சையிலிருந்து 1920ஆம் ஆண்டளவில் இங்கு வந்த கோ. நடேசய்யரோ இங்கேயே தங்கிப் பத்திரிகை நடத்தினார்; தொழிற்சங்கம் கண்டார்; நாடகமும் எழுதினார். அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் மக்கள் அறிந்த மெட்டுக்களிலே பாட்டியற்றி, மேடைதோறும் தாமே பாடினார். இவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். எனினும் தோட்டத்திலே பிறந்தவன் ஒருவன் எழுந்து, "என் வீட்டுக் கதையை நானே சொல்கிறேன்" என்று கூறும் நாள் பின்னரே வந்தது.

அவ்வாறு எழுந்தவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர். கங்காணிக் குடும்பம், ஆகவே அக்காலத் தோட்டப் பிள்ளைகளுக்கு எட்டாத கல்வி அவருக்குக் கிட்டியது. ஹட்டனிலும் கொழும்பிலும் ஆங்கிலம் பயின்றார். இளமையிலே அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டவர் தாகூர். 'விஸ்மாஜினி' என்னும் இசைநாடகத்தை ஆங்கிலத்திலே இயற்றினார். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது அதனை அவரிடமே கையளித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இருபது வயது இளைஞன், உலகம் போற்றும் மகாகவியின் முன்னால் தன் நூலோடு நின்றிருக்கிறான்! அந்தத் துணிவை நாம் மெச்சவேண்டும். ஆயினும் இன்று அவரை நினைவிற்கொள்வோர் அந்த இசைநாடகத்துக்காக நினைவிற்கொள்ளவில்லை. அது வேறொருவருடைய சோலையிலே பறித்த மலர். வளரும் எழுத்தாளன் எவனும் இப்படி ஒரு பருவத்தைக் கடந்தே தீரவேண்டும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அவர் வாழ்க்கையில் அடுத்து வந்தது அரசியல். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. அவற்றுள் தலவாக்கலையில் வென்றவர் வேலுப்பிள்ளை. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. அவரைத் தெரிந்தனுப்பிய மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவரும் வாக்கற்றவரும் ஆயினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை.

'உனக்கு இங்கே இடமில்லை' என்று ஒரு நாடே சட்டம் எழுதிச் சொன்னபின் ஒருவன் எதனை எழுதுவான்? மனமொடிந்து பேனாவைக் கீழே வைத்திருந்தாலும் அவரைக் குறைகூறுவாரில்லை. வேலுப்பிள்ளையோ அந்த 1950களிலேதான் 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்று பொருள்படும் பெயரோடு தம் நீண்ட ஆங்கிலக் கவிதையை வெளியிட்டார். தேயிலை வேருக்கடியிலே மண்ணாகிப்போன முன்னோர்க்கு நடுகல்லும் இல்லை, நினைவாலயமும் இல்லை என்னும் ஏக்கம் அக்கவிதை நெடுகிலும் ஒலிக்கும். தாகூரின் சோலை எங்கோ மறைந்துவிட்டது, மடக்கொம்பரை வந்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. யாரைப் பற்றிப் பாடினாரோ அவர்களால் அதனை வாசிக்க முடியவில்லை! ஆங்கிலமறிந்த கொழும்பு நண்பர்களும் அந்நியரும் வாசித்துப் பாராட்டினர். லயத்துக் காம்பராவுக்கு அது எட்டவில்லை. 1969இல் சக்தீ அ. பால ஐயா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கி வெளியிட்ட பின்னரே நிலைமை மாறிற்று. அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பாரதியாரின் கரும்புத் தோட்டம் நினைவுக்கு வராத தமிழர் இருப்பரோ? மொழிபெயர்ப்பாளர் நல்ல பெயர் தெரிந்தார். அதன்பின் வேலுப்பிள்ளை தாமே தமிழில் நாவல்கள் எழுதினார். 'வீடற்றவன்' 1981இலும், 'இனிப் படமாட்டேன்' 1984இலும் நூலாயின. 1983இலே 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுப்பு வந்தது. தோட்டத்துப் பெண்கள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலையிலும் பாடியவற்றைப் பல்லாண்டு கேட்டுக் கேட்டுத் திரட்டியது அது. 1984இல் அவர் காலமானார்.

இவ்வரலாற்றைத் திரும்ப நோக்குமிடத்து ஒன்று புலனாகும். தொடங்கியபோது அவர் நின்ற இடம் வீட்டிலிருந்து மிகத் தொலைவு. ஒவ்வொரு நூலிலும் ஒவ்வோர் அடி வீட்டை நோக்கி நடந்து, எழுபதை எட்டும் வயதில் தம் தோட்டத்துக் கிழவியரின் பாட்டருகே வந்து சேர்ந்தார். எழுத்தாளன் வளர்வது என்றால் ஊரைவிட்டு மேலே மேலே செல்வது என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். வேலுப்பிள்ளை வளர்ந்த திசையை அவர்களுக்கு யாரேனும் காட்டவேண்டும்.

பல ஆண்டுகளுக்குமுன் ஒரு வகுப்பிலே 'எங்கள் ஊர்' என்னும் பொருளில் கட்டுரை எழுதச் சொன்னேன். வகுப்பிலிருந்த அனைவரும் தோட்டத்துப் பிள்ளைகள். வந்த கட்டுரைகளிலோ நெல்வயல் அசைந்தது, தாமரைக்குளம் மலர்ந்தது, மாந்தோப்பிலே கிளி கொஞ்சியது. ஒருவன் தன் ஊருக்கு ஒரு கடற்கரையும் கொடுத்திருந்தான்! நாலாயிரம் அடி உயரத்திலே கடல்! லயமும், பீலித் தண்ணீரும், பிள்ளைக்காம்பராவும் ஒருவர் கட்டுரையிலும் இல்லை. அவர்கள் பொய்யெழுத விரும்பியவர்களல்லர். எழுத்தில் வரத்தக்கது எது, தகாதது எது என்று அவர்கள் வாசித்த புத்தகங்கள் அவர்களுக்குக் கற்பித்திருந்தன, அவ்வளவே. மறுவாரம், "உங்கள் வீட்டு இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் தெரிவன எவையோ அவற்றை மாத்திரம் எழுதுங்கள்" என்றேன். அதில் வந்த தமிழ் சற்றுத் தடுமாறிற்று. ஆயினும் வாசிக்க வாசிக்கத் தூக்கம் வரவில்லை.

தமிழ் தடுமாறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தோட்டத்துத் தமிழ்' என்று ஏளனம் செய்யும் வழக்கம் இன்றும் முற்றாக ஒழியவில்லை. பிரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து என்று பேசினால் சிரிப்போர் இருக்கிறார்கள். சிப்பாய்கள் வரிசையில் நிற்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே விடியற்காலையில் தொழிலாளர் கூடும் 'பிரட்டு' ஆயிற்று என்பர். ஒரு தோட்டம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதனை இந்த ஒரு சொல் காட்டுவதுபோல் ஒரு நூலும் காட்டாது. அப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டிருப்பவன் அதனை மறைப்பதா? இலக்கணம் கற்கவேண்டாமென்று நான் கூறவில்லை. தமிழாசிரியனாயிருந்து அவ்வாறு கூறினால் எனக்குச் சோறு ஏது! இலக்கணமும் கற்கவேண்டும், பிரட்டையும் எழுதவேண்டும். ஈழத்து இலக்கியத்தில் மண்வாசனை வேண்டுமென்று 1960ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் எழுந்த வாதம் மலைநாட்டாருக்குச் செய்த பேருபகாரம் இதுவே. அவர்கள் பேச்சும் இலக்கியத்துக்குள் நுழைய அனுமதி பெற்றது.

அக்காலத்திலே 'வீரகேசரி'யும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் இணைந்து சிறுகதைப் போட்டிகள் நடத்தின. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்னும் பெயரால் நூலாக வந்தன. போட்டி என்றால் சிலருக்கு அலட்சியம். ஆனால் தன் வாழ்க்கை எழுதத்தக்கதோ என்று ஐயுறும் ஒருவனுக்கு, "ஆம், எழுது, இன்ன தேதிக்குள் அனுப்பு" என்று ஒரு பத்திரிகை கேட்பதைவிட நல்ல மருந்து கிடையாது. தனியே அறையில் அமர்ந்து தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள் என்று கூறுவது எளிது. வாசிப்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலன்றி அது வளர்வதில்லை.

இக்காலத்திலே தோன்றியவர்களுள் இருவரைப் பற்றி மாத்திரம் இங்கே கூறுவேன். ஒருவர் தெளிவத்தை ஜோசப். தெளிவத்தை என்பது பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயர். அங்கே அவர் பணியாற்றினார். தமிழ்ப் புலவர்கள் தம் ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டது பழைய வழக்கந்தான். ஆனால் 'தோட்டக்காட்டான்' என்னும் சொல் வசையாக வழங்கிய நாட்டிலே, ஒருவர் தோட்டத்தின் பெயரையே தம் தலைமேற் சூடிக்கொண்டார் என்றால் அதன் பொருள் வேறு. 1974இல் வெளிவந்த 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலும், 'நாமிருக்கும் நாடே' முதலிய கதைகளும் அப்பெயரை நிலைநாட்டின. தமிழகத்து விஷ்ணுபுரம் விருது 2013இல் அவரைத் தேடி வந்தது. 2022இல் அவர் மறைந்தார்.

மற்றவர் என். எஸ். எம். இராமையா. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் கைத்திறனையும் மானத்தையும் பொருளாகக்கொண்ட 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் 'தினகர'னில் வெளிவந்தது. மலையகச் சிறுகதையைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அக்கதையைக் குறிப்பிடாமற் செல்வதில்லை. அதே பெயருடைய தொகுதி நூலானதோ 1980இல்! 1990இல் மறைந்த இராமையா எழுதிய கதைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 'அவர் இன்னும் எழுதியிருக்கலாம்' என்று ஏங்குவோர் பலர். நானும் ஏங்குவதுண்டு. ஆயினும், சரியாய் வரும்வரை வெளியிடமாட்டேன் என்னும் பிடிவாதமும் ஒருவகை ஐயமே அன்றோ? கட்டுரையின் தொடக்கத்திலே கூறிய முதல் மாணவனுடைய ஐயம் இது. இதனை அடியோடு போக்கிவிடவேண்டுமென்று நான் கருதவில்லை. எழுதியதைத் திருத்தச் செய்வது அதுதான். கிழித்தெறிவதற்குப் பதிலாக ஒரு பெட்டியிலே போட்டுவைத்து, ஒரு மாதங் கழித்து எடுத்துப் படிக்கும் பொறுமை மட்டும் அந்த மாணவனுக்கு வேண்டும். என்னிடம் வந்த கட்டுரைகளிற் பல, முதல் பத்தியை வெட்டியவுடன் நிமிர்ந்து நின்றிருக்கின்றன. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்து, 'ஐயோ, செடி செத்தது' என்று தோட்டத்துப் பிள்ளை எவரேனும் அழுததுண்டோ?

வீட்டிலிருந்து வரும் தடையைப் பற்றிக் கூறாவிடின் இக்கட்டுரையை வாசிக்கும் பெற்றோர் என்னை மன்னிக்கமாட்டார்கள். "எழுதினால் சோறு வருமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால், வராது. இராமையா கொழும்பிலே இரும்புக் கடையில் கணக்கெழுதினார். ஜோசப்பும் பிற்காலத்தில் கொழும்பிலே கணக்காளராகவே பணிபுரிந்தார். வேலுப்பிள்ளையினதும் நடேசய்யரினதும் வரலாறுகளை அரிதின் முயன்று எழுதிய சாரல்நாடன், தேயிலைத் தொழிற்சாலையிலே ரீமேக்கராயிருந்தவர். இதே தலவாக்கலையில் வாழ்ந்து 2020இல் மறைந்த மல்லிகை சி. குமார் தோட்டத்துத் தொழிலாளி. பகலில் மலையிலே உழைத்து, எஞ்சிய பொழுதிலே கவிதையும் கதையும் எழுதிச் சித்திரமும் தீட்டினார். 'மாடும் வீடும்' என்னும் அவர் கவிதைத் தொகுதி 1995இல் வந்தது. சோற்றுக்கு வேறு வழி தேடிக்கொண்டே இவர்கள் எல்லோரும் எழுதினார்கள். ஆகவே பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை. பிள்ளை கணக்கையும் படிக்கட்டும். இராத்திரியில் அரைமணி நேரம் விளக்கை அணைக்காமல் விட்டுவிடுங்கள், போதும்.

இனி, இவ்விடுமுறையிலே எதனை எழுதுவது என்று கேட்கும் மாணவருக்கு ஒரு வேலை சொல்கிறேன். வேலுப்பிள்ளை திரட்டியது போக எஞ்சிய பாட்டுக்கள் இன்னும் லயங்களிலே இருக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் ஓய்வுபெற்ற கிழவியர். மாலையில் கொழுந்து நிறுத்து எல்லோரும் வீடு திரும்புமுன், நாலு மணியளவில் அவர்கள் இஸ்தோப்பிலே வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துச் சென்று அருகே அமருங்கள். பாட்டு என்று உடனே கேட்டுவிடாதீர்கள். எந்த மலையிலே முதன்முதல் பேர் பதிந்தார்கள், அப்போது கங்காணி யார், கூடை என்ன பாரம் என்று விசாரியுங்கள். பிறகு கேளுங்கள். "எனக்கென்னப்பா தெரியும், நான் என்ன படிச்சவளா?" என்பார்கள். எழுந்துவிடாமல் சற்றுப் பொறுத்திருங்கள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமுவார்கள். அப்போது பென்சில் கூராயிருக்கவேண்டும்.